கார் டர்போவா, லாரி டர்போவா: சின்ன ஜெட் எஞ்சினுக்கு எது தேறும்?

எண்ணூர், மணலி பக்கம் ஓடும் கன்டெய்னர் லாரிகளின் புண்ணியத்தில் வடசென்னையில் பழைய லாரி டர்போ, அதாவது எஞ்சின் புகையில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி, தேடுவது பெரிய வேலையில்லை. ஆனாலும் ஜெட் எஞ்சின் செய்ய ஆசைப்படும் பசங்க பலரும் காயலாங்கடையில் கார் டர்போவைத்தான் எடுக்கிறார்கள். சின்னது, விலையும் குறைவு. என் ஓட்டு லாரி டர்போவுக்கு.

காரணம் எரிகலன். காற்றை அழுத்தும் கம்ப்ரஸரும் சூடான வாயுவில் சுழலும் டர்பைனும் டர்போவிலேயே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே எரிபொருள் எரியும் கலனைத்தான் நாம் செய்ய வேண்டும். காற்றை இழுக்கும் சக்கர வாயைப் போல, கலனுக்குள் தீ எரியும் துளை போட்ட உள்குழாய் இரண்டு மடங்கு அகலம், ஆறு மடங்கு நீளம் என்பது பரவலாக உள்ள கணக்கு. வாய் 50 மி.மீ. என்றால் 100 மி.மீ. அகலம், 300 மி.மீ. நீளம். துளை போட, வெல்டிங் வைக்க வசதியான அளவு. சின்ன கார் டர்போவுக்கு இதே கணக்கில் வரும் குழாயில் மண்ணெண்ணெய் எரிந்து முடிய இடம் போதாது. தீ டர்பைனைத் தாண்டி வெளியே நீளும், சக்கரம் வெந்துவிடும்.

கேஸில் மட்டும் ஓட்டுவதென்றால் கார் டர்போ பரவாயில்லை. அதற்கும் அடுப்பு ரெகுலேட்டர் உதவாது. அது தருவது சுமார் 30 மில்லிபார். கலனுக்குள் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு.

லாரி டர்போ கிளம்பக் காற்று ஊதும் பெரிய ப்ளோயர் வேண்டும், எரிபொருளும் அதிகம் குடிக்கும். சத்தத்தில் இரண்டுமே மோசம். தண்டையார்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் வேண்டவே வேண்டாம், ஊருக்கு வெளியே திறந்த இடம் பாருங்கள்.

வாங்கும்போது இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அசைவே தெரியக் கூடாது. பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம், ஆயில் ஏறினால் சரியாகிவிடும். ஆனால் இறக்கை கூட்டில் உரசிய கோடு தெரிந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் ஆயில். பெரும்பாலான டர்போக்களில் ஷாஃப்ட் மிதப்பது ஆயில் படலத்தில்தான். ஆயில் அழுத்தம் ஏறிய பிறகே சுற்ற விடுங்கள். தீயை அணைத்த பிறகும் ஆயில் பம்பும் ப்ளோயரும் ஓடட்டும். இல்லாவிட்டால் பேரிங்கில் ஆயில் கருகிப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. உடைந்தால் துண்டுகள் அந்தப் பக்கம்தான் பறக்கும்.