ஏற்காட்டு மலைக்கு நூறு சிசி வண்டி: பல வருட அனுபவம்

"நூறு சிசி வண்டியில ஏற்காடு ஏற முடியுமா?" வெளியூர் நண்பர்கள் சேலம் வந்தால் முதலில் கேட்பது இதைத்தான். முடியும். பின்னால் ஆளை உட்காரவைத்துக்கொண்டே முடியும். மலைக் கிராமங்களில் இருக்கிறவர்களும் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களும் இந்த வகை வண்டியில்தான் தினமும் ஏறி இறங்குகிறார்கள். ஆனால் இறங்கும்போது வண்டி எப்படி நிற்கும் என்று ஒருத்தர்கூட கேட்டதில்லை. பல வருடமாக வார இறுதிகளில் நண்பர்களோடு சேர்வராயன் மலையைச் சுற்றியதில், நான் முக்கியமாகப் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

வண்டியைச் சொல்லிவிடுகிறேன். நாலு கியர், காற்றில் குளிரும் என்ஜின், கார்புரேட்டர், முன்னும் பின்னும் டிரம் பிரேக், ஸ்போக் சக்கரம், எடை 110 கிலோவை ஒட்டி, பவர் எட்டு பிஎச்பிக்குப் (குதிரைத்திறன்) பக்கம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமாவதற்கு முன்னால் வாங்கியது. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. இந்த வகையில் எதை எடுத்தாலும் மலையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். கூட வருகிறவர்களிடம் ஒரு புல்லட், ரெண்டு 150 சிசி, ஒரு ஸ்கூட்டர். அதனால் ஒரே ரோட்டில், ஒரே நாளில், பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

முதலில் ஏற்றம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்குப் பக்கம். கோரிமேடு தாண்டி அடிவாரம் போனால், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும். இவ்வளவு உயரம் ஏறும்போது காற்று மெலிவதால் எந்த என்ஜினும் பத்தில் ஒரு பங்கு பவரை இழக்கும். எட்டு குதிரையில் ஒரு குதிரை போனால் வண்டி ஓட்டுகிறவனுக்கு நன்றாகவே தெரியும். பாதி மலைக்கு மேலே மூன்றாவது கியர் இழுக்காது, இரண்டிலேயே போகவேண்டியதுதான். கார்புரேட்டர் வண்டி என்பதால் மேலே போய் நிறுத்தும்போது ஐடிலிங் கொஞ்சம் தடுமாறும். காற்று குறைந்தாலும் பெட்ரோல் அதே அளவுக்கு வருவதுதான் காரணம். ஸ்க்ரூவைத் திருகவேண்டாம், கீழே வந்தால் தானாகச் சரியாகிவிடும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள நண்பனின் ஸ்கூட்டரில் இந்தத் தொல்லையே இல்லை.

சின்ன வண்டிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் வளைவில் இருக்கிறது. நம் ஊரில் இடதுபக்கம் போகிறோம். ஏறும்போது வளைவு இடதுபக்கம் திரும்பினால் நாம் உள்வட்டத்தில் இருப்போம், அங்கேதான் ரோடு செங்குத்து. வலதுபக்கம் திரும்பினால் வெளிவட்டம், அங்கே ஏற்றம் சமாளிக்கிற அளவுக்குத்தான் இருக்கும். அதனால் இடது வளைவுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். வளைவின் நடுவில் கியரை மாற்றப் போனால், கிளட்ச் பிடித்த அந்த ஒரு நொடியில் வண்டி நின்றுவிடும், பின்னால் ஆள் இருந்தால் காலை ஊன்றவேண்டி வரும். வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்துவிட்டு மேலே பாருங்கள். பஸ் இறங்கி வந்தால் அதற்கு ரோடு முழுக்கத் தேவைப்படும். அகலம் போதாத இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்று சாலை விதி இருக்கிறது, உண்மைதான். ஆனால் கொண்டை ஊசியில் திரும்பிக்கொண்டிருக்கிற பஸ்ஸோடு உரிமை பேசாமல் வளைவுக்குக் கீழேயே ஓரமாக நின்றுவிடுவதுதான் எங்கள் பழக்கம்.

இனி இறக்கம். சரியாக இறங்கத் தெரிந்தால்தான் இந்த வண்டி மலைக்கு லாயக்கு.

டிரம் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடு வெளியேற வழியில்லை. டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்துகிற பிரேக் ஷூ சூடேறச் சூடேற பிடிப்பு குறையும், மிதியை இன்னும் அழுத்தச் சொல்லும், அழுத்தினால் இன்னும் சூடு. அடிவாரத்தில் ஒருமுறை என் வண்டியின் பின் சக்கர ஹப்பில் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் தெளித்துப் பார்த்தோம். வெதுவெதுப்புதான், தண்ணீர் வழிந்து ஓடியது. அன்றைக்கு எங்களுக்குப் பின்னாலேயே இறங்கிய வேறொரு குழுவின் வண்டி, அதுவும் டிரம் பிரேக்தான், கருகிய வாடையோடு வந்து நின்றது. அந்த ஹப்பில் தெளித்த துளிகள் சொய்யென்று ஆவியாகிப் போயின. அந்தப் பையன் கியரை நியூட்ரலில் போட்டு, பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினையும் அணைத்துவிட்டு இறங்கியிருக்கிறான். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவது கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் ரெண்டையும் சேர்த்துப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும். கால் சும்மா மிதிமேல் இருக்கவே கூடாது.

ஸ்கூட்டருக்கு இது கொஞ்சம் கஷ்டம். கியர் இல்லாததால் என்ஜின் பிடிப்பு குறைவு, பாரம் முழுக்க பிரேக்கில்தான் விழும். அதனால் எங்கள் ஸ்கூட்டர் நண்பனுக்காக நடுவழியில் அகலமான இடமாகப் பார்த்து கொஞ்ச நேரம் நிறுத்துவோம். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு உட்பட்ட புது வண்டிகளில் ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற சிபிஎஸ் கட்டாயமானது, அதற்கு மேல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ். நல்ல ஏற்பாடு. ஆனால் சிபிஎஸ் இருந்தாலும் டிரம் டிரம்தான், சூடு ஏறத்தான் செய்யும்.

இந்த வண்டியில் நான் செலவு செய்ததில் மனசுக்கு நிறைவான செலவு பிரேக்குக்குச் செய்ததுதான். மலையில் அடிக்கடி ஓடுகிற வண்டியில் ஷூ தேய்வதற்கு முன்னால் வேறொன்று நடக்கும். அஸ்தம்பட்டிப் பக்கம் நான் விடுகிற மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றி ஷூவைக் கையில் கொடுத்தார். "தேயல தம்பி, தடவிப் பாரு, கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு" என்றார். தடிமன் நிறையத்தான் இருந்தது, ஆனால் மேல்பரப்பு மினுமினுவென்று விரல் வழுக்கிக்கொண்டு போனது. அவர் அதை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, டிரம்மைத் துடைத்து மாட்டினார். அன்று மாலை ஐந்து ரோடு சிக்னலில் பிடித்தபோதே வித்தியாசம் தெரிந்தது. அன்றிலிருந்து சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன். வெளியில் இருக்கிற குறியை வைத்து ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும், மினுமினுப்பு தெரியாது. முன் பிரேக் கேபிளையும் மழைக்காலத்துக்கு முன்னால் புதிதாக மாற்றிவிடுவேன். பெரிய செலவே இல்லை.

டயரில் எனக்குப் பிடிக்காத விஷயம், ஸ்போக் சக்கரத்தில் ட்யூப் இருப்பது. ட்யூப்லெஸ் என்றால் ஆணி குத்தினாலும் காற்று மெதுவாக இறங்கும், ட்யூப் அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மலைமேல் பஞ்சர் கடையைத் தேடுவதற்கு, ஒரு ட்யூபும் டயர் லீவரும் கையடி பம்பும் கொண்டுபோவது மேல். இன்னொன்று, ஓமலூர் ரோட்டில் நேராகவே ஓடுகிற வண்டிக்கு டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்துவிடும். அந்த டயரோடு வளைவில் சாய்ந்தால் ஒரு விளிம்பில் ஏறி இறங்குவது போல வண்டி திடுக்கென்று விழும். சட்டப்படி ரெண்டு சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும். என் கணக்கில், அந்த அளவுக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அது மலைக்கு ஆகாத டயர். ஆள் ஏற்றும்போது பின் டயர் காற்றுக்கு வேறு அளவு, செயின் கவரிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். கீழேயே பிடித்துக்கொண்டு கிளம்புவோம்.

நண்பர்களோடு போகும்போது மெதுவான வண்டி முன்னால் போகவேண்டும். எங்களில் அது என் வண்டி. புல்லட் கடைசியில் வரும். ஆரம்பத்தில் பெரிய வண்டிகள் முன்னால் பறந்துபோய் மேலே காத்திருக்கும், சின்ன வண்டி அவர்களைப் பிடிக்கப் பார்க்கும், வளைவுகளில் வேகம் கூடும். ஒருநாள் உட்கார்ந்து பேசி வரிசையை மாற்றினோம். இப்போது ஒவ்வொருவரும் கண்ணாடியில் பின்னால் வருகிறவரின் ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டே போகிறோம், வெளிச்சம் காணவில்லை என்றால் அகலமான இடத்தில் நிற்கிறோம். வளைவில் நிற்பதில்லை. பெரிய வண்டிக்காரர்களுக்கு எரிச்சல் வரும் என்று பயந்தேன், வரவில்லை. "இப்பதாண்டா ரோட்டோரம் என்ன இருக்குதுன்னே பாக்கறேன்" என்றான் புல்லட்காரன். கீழ் வளைவுகளிலிருந்து சேலம் மொத்தமும், அதற்கு இந்தப்பக்கம் மேக்னசைட் கனிமம் தோண்டிய வெள்ளை மேடுகளும் தெரியும். அவனுக்கு அதெல்லாம் அதுவரைக்கும் கண்ணிலேயே பட்டதில்லை.

ஏரிக்கரைக் கூட்டத்தில் எங்களுக்கு நாட்டமில்லை. மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு லூப் ரோட்டுக்குப் போய்விடுவோம். 32 கிலோமீட்டர் சுற்று, வழி முழுக்கக் காப்பித் தோட்டம், நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக், அதன்மேல் படர்ந்த மிளகுக்கொடி. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் இங்கே கொண்டுவந்து வைத்த காப்பிப் பயிர் இன்றைக்கும் இந்த மலைக்குச் சோறு போடுகிறது. மார்ச், ஏப்ரலில் ஒரு கோடை மழை பெய்து சில நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். செடி முழுக்க வெள்ளைப் பூ பூத்திருக்கும். மல்லிகையை ஒட்டிய வாசனை, தோட்டம் தோட்டமாக வந்து மோதும். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு அது கிடைக்காது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற நூறு சிசி வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ரோடு நான் பார்த்ததில்லை. என்ஜின் சத்தம் குறைவு என்பதால் பறவைச் சத்தம்கூட ஹெல்மெட்டுக்குள் கேட்கும்.

இதே ரோட்டில் கவனிக்க வேண்டியது ரெண்டு. மழைக்குப் பிறகு சில்வர் ஓக் இலை நனைந்து ரோட்டில் ஒட்டிக்கிடக்கும், அதன்மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும். சாயங்காலமானால் காட்டெருமை ரோட்டைக் கடக்கும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தள்ளியே நிற்க வேண்டும், ஹாரன் அடிக்கக் கூடாது. இந்த வண்டியின் ஹெட்லைட் ஊருக்குள் போதும், பனியில் போதவே போதாது. அதனால் நாலு மணிக்கெல்லாம் இறங்க ஆரம்பித்துவிடுவோம்.

மேலே கீழே எட்டு டிகிரி வரை வித்தியாசம் இருக்கும் என்பதால் ஒரு ஜாக்கெட், ரெண்டு துண்டாக வருகிற மழைக்கோட்டு, கையுறை. போதும். ஹெல்மெட்டில் கருப்பு வைசர் மட்டும் வேண்டாம், பனி வந்தால் கண்ணே தெரியாது.

மே மாதக் கோடை விழா சமயத்தில் நாங்கள் போவதே இல்லை. கார் வரிசையில் முதல் கியரிலேயே ஊர்ந்தால் காற்றில் குளிர்கிற என்ஜினுக்குக் காற்று எங்கிருந்து வரும்? மற்ற மாதங்களிலும் விடிவதற்கு முன்னால் அஸ்தம்பட்டியில் கூடி, வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் கிளம்பும் முன் ரோடு திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. மழை நின்ற பிறகும் பல நாள் வளைவுகளில் சரளை கிடக்கும்.

குப்பனூர் வழி இன்னொரு பாதை. அகலம் குறைவு, வண்டி நடமாட்டமும் குறைவு. ஏறுவதற்கு எனக்கு அது பிடிக்கும், டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு ஆளோடு அதில் இறங்க மாட்டேன். இறங்குவது எப்போதும் அடிவாரம் வழிதான். சேலம் வந்து தட்டுவடை செட்டு சாப்பிட்டுக் கலைவோம்.

மைலேஜ் கேட்பார்கள். ஊருக்குள் அறுபதை ஒட்டிக் கொடுக்கிற வண்டி, மலை ஏறி இறங்கிய நாளில் ஐம்பதுக்குப் பக்கம் கொடுக்கிறது. இத்தனை வருடத்தில் என்ஜினைத் திறக்க வேண்டி வரவில்லை. கிளட்ச் பிளேட் மட்டும் சமவெளியில் ஓடுகிற வண்டிகளைவிடச் சீக்கிரம் போகும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக்காக மட்டும் பெரிய வண்டி வாங்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். பின்னால் எப்போதும் ஆள் உண்டு, பையும் உண்டு, கொல்லிமலையின் 70 வளைவும் போகவேண்டும் என்றால் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள 150 சிசி எடுங்கள். கொல்லிமலைக்கு நான் தனியாக என்றால் என் வண்டி, வீட்டுக்காரியோடு என்றால் நண்பனின் 150.