கஜா புயலுக்கு முன்னும் பின்னும் எங்கள் வீட்டு ஜெனரேட்டர்

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. 2012-இல் கரண்ட் கட் படுத்திய பாடு பலருக்கும் நினைவிருக்கும். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் எங்களுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம். அந்த வருடம் ஆடியில் 2 கே.வி.ஏ. திறனுள்ள பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினேன். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்கிற, சத்தத்தை அடக்கும் கூடு இல்லாத சாதாரண மாடல். அது இன்றும் ஓடுகிறது. ஆனால் நடுவில் ஒருமுறை, சரியாகத் தேவைப்பட்ட நாளில், காலை வாரிவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

முதல் இரண்டு வருடம் நன்றாக உழைத்தது. அப்புறம் மின்வெட்டு குறைந்தது. இன்வெர்ட்டர் வாங்கினோம். ஜெனரேட்டர் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்தது. டேங்கில் பாதி பெட்ரோல் இருந்ததை நான் மறந்தே போனேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விடிந்து பார்த்தால் தோப்பில் நின்ற தென்னைகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் விழுந்துவிட்டன. இன்வெர்ட்டர் அன்று இரவோடு அடங்கியது. மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை. ஜெனரேட்டரை இழுத்தேன். முப்பது தடவையாவது இழுத்திருப்பேன். உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

ரோட்டில் மரங்கள் குறுக்கே கிடந்ததால் மெக்கானிக்கும் வர முடியாது, ஜெனரேட்டரையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை மட்டும் கழற்றி ஒரு மஞ்சள் பையில் போட்டு, சைக்கிளை மரங்களுக்கு மேல் தூக்கித் தூக்கி வைத்து டவுனுக்குப் போய்ச் சேர்ந்தேன். பைக் மெக்கானிக் அண்ணன் அடிக்கிண்ணத்தைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். “இது பெட்ரோல் இல்ல தம்பி, வார்னிஷ்” என்றார். அடியில் பச்சையும் பழுப்புமாகப் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. பெட்ரோல் எஞ்சினுக்குப் போகிற மெயின் ஜெட்டின் துளை முழுதாக அடைத்திருந்தது. ஒரு ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி அந்தத் துளைக்குள் விட்டுச் சுத்தம் செய்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஊசிமுனை அளவு வெளிச்சம். அவ்வளவு சின்ன ஓட்டைக்காகத்தான் இரண்டு நாள் குடும்பமே குடத்தோடு அலைந்தது.

எங்கள் தெருவில் கரண்ட் வந்தது இருபத்து மூன்றாவது நாள். அதுவரை காலையில் ஒன்றரை மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்று ஓட்டினோம். ஒரு மூங்கில் குச்சியில் லிட்டருக்கு ஒரு கோடு கீறி, டேங்கில் விட்டுப் பார்த்துப் பார்த்துத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். லைட், ஃபேன், போன் சார்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி இவற்றோடு ஓடினால் மணிக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மோட்டார் ஓடுகிற நேரத்தில் ஒரு லிட்டரைத் தொடும். ஆக நாளுக்கு மூன்று லிட்டர். அப்போது பெட்ரோல் எண்பது ரூபாய்க்குப் பக்கம். மொத்தம் அறுபது லிட்டருக்கு மேல், ஐயாயிரம் ரூபாய் போல ஆனது. குட்டியானையில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்து ஒரு தொட்டி நிரப்ப ஐந்நூறு ரூபாய் வாங்கினார்கள் எங்கள் பக்கம். அதை வைத்துப் பார்த்தால் லாபம்தான்.

பணத்தை விட பெட்ரோல் வாங்குவதுதான் பெரும்பாடு. பங்கில் வரிசை. பிளாஸ்டிக் கேனில் தர மாட்டேன் என்றார்கள். அது பாதுகாப்புக்கான விதி, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பாதை சரியானதும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பைக் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து, வீட்டில் வெட்டவெளியில் வைத்து, பெட்ரோல் ட்யூபைக் கழற்றி இரும்பு கேனில் பிடித்துக்கொள்வேன். வாயால் உறிஞ்சி எடுக்கிற வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஒரு வீட்டில் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்கலாம். ஆனாலும் பத்து லிட்டருக்கு மேல் வைக்க எனக்கு மனசு வராது. இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும்போது ஊற்றக் கூடாது. அணைத்து, சைலன்சர் சூடு ஆறப் பத்து நிமிடமாவது விட வேண்டும்.

எங்கள் போர்வெல்லில் இருப்பது 1 ஹெச்.பி. சப்மெர்சிபிள், அதாவது தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற மோட்டார். கணக்குப்படி 746 வாட்ஸ்தானே, 2 கே.வி.ஏ. தாங்கும் என்று நினைத்தேன். மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் நாலைந்து மடங்கு கரண்ட் இழுக்கும் என்பது உறைக்கவில்லை. ஜெனரேட்டர் ஒரு முனகு முனகிப் பிரேக்கரைத் தட்டிவிட்டது. கடைசியில் கைகொடுத்தது தூர்ந்துபோகாமல் கிடந்த பழைய கிணறும், மேலே வைத்து ஓட்டுகிற, சித்தப்பா வீட்டு அரை ஹெச்.பி. மோனோபிளாக் மோட்டாரும்தான். அந்தச் சின்ன மோட்டாரைக்கூட, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் முதலில் போட வேண்டும். ஃபேன், லைட் எல்லாம் அப்புறம். வாங்குகிறவர்கள் வாட்ஸைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டில் இருப்பதில் பெரிய மோட்டார் எது என்று பாருங்கள்.

வாங்கிய அன்றே வயர்மேன் பிடிவாதமாகச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டிவிட்டார். வெளி லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கிற சுவிட்ச் அது. அப்போது அது தண்டச்செலவு என்று முணுமுணுத்தேன். கஜா சமயத்தில் வேறு மாவட்டத்திலிருந்து லைன்மேன்கள் வந்து கம்பம் நட்டார்கள். ஒருநாள் காலை அவர்களில் ஒருவர் நேராக எங்கள் கொட்டகைக்கு வந்தார். “சத்தம் கேட்டுச்சு. சேஞ்ச் ஓவர் இருக்கா, இல்ல பிளக்குல சொருகி ஓட்டுறீங்களா?” சுவிட்சைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் ஏறப் போனார். நம் வீட்டு 230 வோல்ட் சர்வீஸ் ஒயர் வழியாக வெளியே போனால் டிரான்ஸ்ஃபார்மர் அதை அப்படியே 11,000 வோல்ட்டாக்கிக் கம்பத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிடும். அவர் சொல்லித்தான் எனக்கே விளங்கியது.

மழை பெய்த ஒரு இரவு நனைந்துவிடுமே என்று பின்தாழ்வாரத்தில் கொண்டுவந்து வைத்தேன். அரை மணியில் அடுப்படியில் இருந்த அம்மாவுக்குத் தலை சுற்றியது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, புகை மாதிரி கண்ணும் எரியாது. மறுநாளே வீட்டிலிருந்து இருபதடி தள்ளி, நாலு பக்கமும் திறந்த ஒரு தகரக் கூரை போட்டுவிட்டேன். சத்தமும் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். அடுத்த வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள் என்றால், அவர்கள் போனும் எங்கள் வீட்டில்தான் சார்ஜ் ஏறியது.

செலவு என்று பார்த்தால் இத்தனை வருடத்தில் கார்புரேட்டர் இரண்டு தடவை, ஸ்பார்க் ப்ளக் மூன்று, கயிறு இரண்டு. நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில், அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். மணிக்கணக்கைக் கொட்டகைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வருகிறேன். கஜா நாட்களின் கோடுகள் மட்டுமே நூறை நெருங்கும். இரண்டாவது தடவை கார்புரேட்டர் கெட்டது 2023-க்குப் பிறகு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். நான் மூன்று மாதம் விட்டு வைத்ததில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தனியாக நின்றது.

தினம் ஒரு மணி, இரண்டு மணி கட் என்றால் இன்வெர்ட்டர் போதும், இதை வாங்காதீர்கள். எங்களைப் போலக் கடலோரத்தில் இருந்தால் வாங்கலாம்.

இப்போது அமாவாசைக்கு அமாவாசை கால் மணி நேரம், நாலு ஃபேனையும் போட்டு ஓட்டுகிறேன். முடிந்ததும் சுவிட்சை அணைப்பதில்லை. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டால் கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து, இருமி இருமித் தானாக நிற்கும். கேனில் இருக்கும் பழைய பெட்ரோல் அன்றே பைக்குக்குப் போய்விடும், புதிதாகப் பிடித்து வைப்பேன். நான் மறந்தாலும் அம்மா விடுவதில்லை. காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு உள்ளே வரும்போதே கேட்பார்: “அதுக்குப் போட்டாச்சா?”