சம்பாவுக்கு ட்ரோன் மருந்து: அடிப்பது அருமை, வானம் பார்க்கத்தான் தெரியவில்லை

மன்னார்குடி பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் இந்தச் சம்பாவுக்கு ட்ரோன் விட்டு மருந்து அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு ஆளைப் பேசுங்கள். கம்பெனி பெயரைப் போடப் போவதில்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் இதே தொழில் செய்பவர்கள் நிறையப் பேர், ஒருவரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது. ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன், அந்த இரண்டரையும் மருந்து அடித்த விதத்துக்கு மட்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இலைச்சுருட்டுப் புழு, அதற்கு குளோரான்ட்ரானிலிப்ரோல் என்ற பூச்சிமருந்து ஏக்கருக்கு 60 மில்லி. கைத்தெளிப்பானில் அடித்தால் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் வேண்டும், ஆள் முழங்கால் சேற்றில் நடக்க வேண்டும், மருந்துப் புகையை அவரே சுவாசிக்க வேண்டும், நடக்கிற வழியெல்லாம் பயிர் மிதிபடும், அதற்கும் இப்போது ஆள் கிடைப்பதில்லை. ட்ரோனில் 10 லிட்டர் டேங்க் ஒன்று, ஏக்கர் பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. இறக்கையிலிருந்து கீழே அடிக்கிற காற்றில் நெற்பயிர் புரண்டு கொடுக்கிறது, அதனால் மடித்த இலைக்குள்ளும் தூரடியிலும் மருந்து இறங்குகிறது. அடித்து முடித்த பகுதியில் அப்பா குனிந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அடிப்பக்கம் வரை பொடிப்பொடியாக ஈரம் இருந்தது. குறை சொல்ல முடியாமல் சும்மா இருந்தார், அவர் அளவுக்கு அது பெரிய பாராட்டு. கூலி ஏக்கருக்கு 600 ரூபாய், ஆள் விட்டு அடிப்பதோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை.

கோளாறு நேரத்தில் ஆரம்பித்தது. காலை ஏழு மணிக்கு வருகிறோம் என்றார்கள், பதினொன்றரைக்கு மேல்தான் வண்டி வந்தது. கேட்டால் பக்கத்து ஊரில் வேலை இழுத்துவிட்டதாம். மற்ற மாதத்தில் என்றால் பரவாயில்லை, ஐப்பசியில் இது சின்ன விஷயம் இல்லை. டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்த மாதத்தில் காலையில் காற்று அசையாது, வெயில் ஏறிய பிறகு எந்நேரமும் கிழக்கே கறுத்துக்கொண்டு வரும். அன்றைக்கும் அந்தப் பக்கம் நன்றாகவே இருட்டியிருந்தது. அப்பா சொன்னார், "தம்பி, கொண்டல் எடுக்குது, நாளைக்கு வச்சுக்கலாமே." ட்ரோன் ஓட்ட வந்த பையன், "ஐயா, அது இங்க வர்றதுக்குள்ள ஒரு ரவுண்டு முடிச்சிடலாம்" என்றான். நாளைக்கு வேறு ஊர் புக்கிங் இருக்கிறதாம். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஒரு நாளைக்கு இத்தனை ஏக்கர் முடிக்க வேண்டும் என்று மேலே இருப்பவர் கணக்கு வைத்திருப்பார்.

முதல் ஏக்கர் ஒழுங்காக முடிந்தது. இரண்டாவதில் பாதி டேங்க் காலியாகியிருக்கும், மேற்கு வரப்பு ஓரம் போய்த் திரும்புகிற சமயம், திடீரென்று குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் அடித்தது. மழை ஒரு சொட்டு இல்லை, மேகம் இன்னும் தள்ளித்தான் இருந்தது. பயிர் மொத்தமும் மேற்கே படுத்தது. ட்ரோன் நின்ற இடத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்து காற்றோடு மல்லுக்கட்டியது, சத்தம் கீச்சென்று ஏறியது, பையன் தானியங்கியை எடுத்துவிட்டுக் கையால் பிடிக்கப் பார்த்தான், அதற்குள் வரப்புத் தென்னையின் தொங்கு மட்டையில் ட்ரோனின் ஒரு கை மாட்டி இறக்கை சிதறி, கவிழ்ந்து நடுவயலில் விழுந்துவிட்டது. எல்லாம் இரண்டு மூன்று நொடிதான். உடைந்த இறக்கைத் துண்டு ஒன்று வாய்க்காலைத் தாண்டி எங்கள் சித்தப்பா நின்ற இடத்துக்குச் சற்று முன்னால் சேற்றில் குத்திக்கொண்டு நின்றது. டேங்க் நிறைந்தால் இருபது கிலோவுக்கு மேல் போகிற மிஷின், அதை மறந்துவிட்டு வீடியோ எடுக்கப் பக்கத்தில் போய் நிற்கிறோம்.

"காத்து திடீர்னு வந்துடுச்சு சார்" என்றார்கள். திடீரென்று வருவதுதான் அதன் வழக்கம். இடிமேகத்திலிருந்து மழையோடு குளிர்ந்த காற்று கீழே இறங்கும், தரையில் மோதி நாலாபக்கமும் பரவும், அந்தக் காற்று மழைக்கு முன்னாலேயே, சில நேரம் பல கிலோமீட்டர் முன்னால் வந்து சேர்ந்துவிடும். திசையும் வேகமும் நொடியில் மாறும். மருந்து அடிக்கிற எதுவாக இருந்தாலும் பயிருக்கு மேலே இரண்டு மூன்று மீட்டரில்தான் பறக்க வேண்டும், அதனால் தடுமாறினால் சமாளித்து எழும்ப உயரமே கிடையாது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆள் ஓட்டுகிற மருந்து விமானங்களுக்கும் இதுதான் பிரச்சினை, அங்கே உள்ளே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் வித்தியாசம். இதில் பாதி காலியான டேங்க் வேறு, திரும்புகிறபோது உள்ளே இருக்கிற தண்ணீர் ஒரு பக்கமாக மோதுகிறது. குறைகுடம் கூத்தாடும் என்பது இதற்கு அப்படியே பொருந்தும்.

காற்றில் அடிக்கக்கூடாது என்பதற்கு ட்ரோன் விழும் என்பது இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் மருந்து அடுத்தவன் கொல்லைக்கும் குளத்துக்கும் போய்விடும் என்பது. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்து ஊர்களே என்ன பாடுபட்டன என்று தெரிந்தவர்கள், காற்று எழும்பிய பிறகும் ஒரு ரவுண்டு பார்க்கலாம் என்று சொல்ல மாட்டார்கள்.

விழுந்த பிறகு நடந்ததுதான் எனக்குக் கோபம். டேங்க் கீறி மீதி மருந்து ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஏக்கருக்கு அதே 60 மில்லிதான், ஆனால் 200 லிட்டருக்குப் பதில் 10 லிட்டரில் கலந்தது, அப்படியென்றால் இருபது மடங்கு கெட்டி. தண்ணீரில் இருக்கிற சின்ன உயிர்களுக்கு ஆகாத மருந்து அது. பசங்கள் இரண்டு பேரும் பேட்டரியைத்தான் முதலில் கழற்றினார்கள், சரி, லித்தியம் பேட்டரி தண்ணீரில் கிடந்தால் ஆபத்து, அது நியாயம். ஆனால் அதற்கப்புறம் கேமரா, ரிமோட் என்று பொறுக்கிக்கொண்டே இருந்தார்களே ஒழிய மருந்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பாதான் மண்வெட்டியை எடுத்துப் போய் வாய்க்காலுக்கு வடிகிற மடையை அடைத்தார். அரை மணி நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டது, அடித்திருந்த ஒரு ஏக்கரும் கழுவிக்கொண்டு போயிற்று.

மறுநாள் மேலாளர் போனில் பேசினார். மரம் உங்கள் மரம்தானே, மட்டையைக் கழித்து வைத்திருக்கலாமே, ரிப்பேரில் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தென்னை நாப்பது வருஷமா அங்கயேதான் நிக்குது தம்பி, பறந்து வந்தது நீங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கழுவிப்போன ஏக்கருக்குத் திரும்ப அடித்துத் தரச் சொன்னோம், பாதிக் கூலி கேட்டார்கள், வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

காகிதம் கேட்டேன், அதுவும் சரியில்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி இரண்டு கிலோவிலிருந்து 25 கிலோ வரை சின்ன ரகம், நம் ஊரில் சுற்றுகிற மருந்து ட்ரோன் பெரும்பாலும் அந்த ரகம்தான். தொழிலுக்கு ஓட்டுபவருக்கு டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அங்கீகரித்த பள்ளியில் படித்து வாங்கிய பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும், ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வேண்டும். பையன் சான்றிதழை போனில் உடனே காட்டினான், முறையாகப் படித்தவன்தான். இன்சூரன்ஸ் கேட்டதும் "ஆபீஸ்ல இருக்கு". இன்றுவரை ஆபீஸில்தான் இருக்கிறது.

இவ்வளவுக்கும் செலவில்லாத வழி இருக்கிறது. காரைக்காலில் வானிலைத் துறையின் ரேடார் இருக்கிறது, அதன் படத்தை யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம், மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று படிக்காதவருக்கும் புரியும். மாவட்டவாரியாக அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையும் வருகிறது. கையடக்கக் காற்றுமானி ட்ரோன் விலைக்கு முன்னால் ஒரு காசே இல்லை. லட்சக்கணக்கில் மிஷின் வாங்குபவர்கள் இதை வாங்காமல் இருப்பது எனக்குப் புரியவில்லை. மகளிர் குழுக்களுக்கு 80 சதவீதம் வரை மானியத்தில் ட்ரோன் கொடுக்கிற திட்டம் வேறு இருக்கிறது, அந்த அக்காக்களாவது பயிற்சியில் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ட்ரோனே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அடுத்த மருந்துக்கும் ட்ரோன்தான், வேறு ஆள். போன் செய்தபோது ரேட்டைக் கேட்கவில்லை, காற்று அடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "திரும்பிப் போயிடுவோம், டீசல் காசு மட்டும் குடுங்க" என்றார். 650 ரூபாய் சொல்கிறார், காலை ஆறரைக்கு வயலில் நிற்க வேண்டும் என்பது பேச்சு.