‘உடனே சவரம் செய்யலாம்’ என்று சொல்லி விற்கும் சவரக்கத்திகள்: புதிதாகப் பழகுபவர்கள் கவனத்துக்கு

மடக்கு சவரக்கத்தியில் பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது தொகுப்புப் பெட்டியைத்தான். ஒரு கத்தி, அதன் கூரை நேராக்கும் பட்டையான ஒரு தோல்வார், பிரஷ், சோப்புக் கிண்ணம், வாரில் பூசும் பச்சைப் பசை ஒரு டப்பா. மேலே ‘உடனே சவரம் செய்யலாம்’ என்று அச்சிட்டிருக்கும். அப்படி ஒன்றை வாங்கியவர் மூன்று நாள் கன்னத்தைக் கீறிக்கொண்டு, நான்காம் நாள் விற்றவரிடம் கேட்டிருக்கிறார். “கை பழகணும் சார், ஒரு மாசம் ஆகும்” என்று பதில் வந்தது. திருப்பித் தருகிறேன் என்றதற்கு, பயன்படுத்திய பொருளை எடுக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். அந்தக் கத்தியைச் சோதித்துப் பார்த்தாயிற்று. முப்பது வருடம் பழகிய கையாலும் அதைக் கொண்டு சவரம் செய்ய முடியாது.

இந்த ஏமாற்று எளிதாக நடப்பதற்குக் காரணம் உண்டு. கூரான கத்தி கன்னத்தில் எப்படிப் போகும் என்பது புதியவருக்குத் தெரியாது. முடி இழுபட்டால் தன் கையில்தான் குறை என்று நினைத்து அழுத்துவார், கோணத்தைத் தூக்குவார். மழுங்கிய வாய், அதாவது வெட்டும் விளிம்பு, அழுத்தத்தில் முடியை விட்டுவிட்டுத் தோலைக் கிழிக்கும். பிறகு ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று கத்தியை உள்ளே வைத்துவிடுவார். விற்றவரைத் தேடி யாரும் வருவதில்லை.

மேலே சொன்ன கத்தியின் முதல் குறை அதன் உடலிலேயே இருந்தது. சவரக்கத்தியைத் தீட்டும்போது சமையல் கத்தியைப் போலக் கையால் கோணம் பிடிப்பதில்லை. முதுகையும் வாயையும் சேர்த்தே கல்லில் படுக்க வைக்க வேண்டும். முதுகின் தடிமன்தான் கோணத்தைத் தருகிறது. கத்தி 16 மி.மீ. அகலம் என்றால் முதுகு 4.5 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும். அப்போது இரு பக்கச் சரிவும் சேர்ந்து 16 முதல் 18 டிகிரி வரும். இந்தக் கத்தியில் அகலம் 16, முதுகு 3 மி.மீ. கோணம் 11 டிகிரியைக்கூடத் தொடவில்லை. அவ்வளவு மெல்லிய வாய் கல்லில் கூர் ஏறுவது போலக் காட்டும், கன்னத்தில் வைத்ததும் மடங்கும் அல்லது உதிரும்.

இரண்டாவது குறை கோணல். கண்ணாடித் தகட்டின் மேல் கத்தியைப் படுக்க வைத்தால் முதுகும் வாயும் முழு நீளத்துக்கும் படிய வேண்டும். ஒரு பக்கம் படுக்க வைத்தபோது நடுவில் வெளிச்சம் தெரிந்தது. மறுபக்கம் திருப்பினால் கத்தி ஆடியது. சரிவில் மார்க்கர் மை தடவிக் கல்லில் ஐந்து முறை மெதுவாக இழுத்தபோது இரு முனைகளிலும் மை போனது, நடுவில் அப்படியே நின்றது. கல்லே தொடாத இடத்தில் கூர் வர வழியில்லை. சிறு வளைவாக இருந்தால் குறுகிய கல்லில் கையை உருட்டித் தீட்டிச் சமாளிக்கலாம். இதில் நடுப்பகுதியைக் கல் தொட வேண்டுமானால் முனைகளில் மில்லிமீட்டர் கணக்கில் எஃகைத் தேய்த்துத் தள்ள வேண்டும்.

டமாஸ்கஸ், அதாவது எஃகு அடுக்குகளைச் சேர்த்து அடித்தது, என்று சொல்லி விற்ற அலைக்கோலமும் பொய். அது பக்கவாட்டில் அமிலத்தால் பதித்தது. முதுகின் மேல் தொடரவே இல்லை. எஃகைப் பற்றிப் பெட்டியில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற ஒரு சொல்தான் இருந்தது, எந்த ரகம் என்று இல்லை. நல்ல கார்பன் எஃகுச் சவரக்கத்தியில் கார்பன் பெரும்பாலும் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60ஐ ஒட்டிக் கடினமாக்கியிருப்பார்கள். ரகமும் கடினமும் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

காகிதத்தை நறுக்கிக் காட்டும் வீடியோவையும் நம்ப வேண்டாம். அந்தக் கூர் 1000 எண் கல்லிலேயே வந்துவிடும்; எண் ஏற ஏறக் கல் நுண்மையாகும். சவரத்துக்கு 1000இல் சரிவைச் சமன் செய்து, 4000 அல்லது 5000, பிறகு 8000, கடைசியாக 12000 என்று ஏற வேண்டும். பேர்போன தயாரிப்பாளரின் புதிய கத்திகூடச் சில சமயம் தொழிற்சாலைக் கூரோடுதான் வரும், அதையும் தீட்ட வேண்டியிருக்கும். அது ஏமாற்று அல்ல. தீட்டாததைத் தீட்டியது என்று விற்பதுதான் ஏமாற்று.

அடுத்த பள்ளம் சாணைக்கடை. மழுங்கல் என்று தெரிந்தவர் கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுக்கிறார். சுழலும் சக்கரத்தில் முதுகைத் தூக்கி, காய்கறிக் கத்தியைப் போல இரண்டு தீற்றுத் தீற்றித் தருகிறார்கள். இரண்டு சேதம் ஒன்றாக நடக்கிறது. வாயில் 30, 40 டிகிரிக்கு இன்னொரு சரிவு விழுகிறது. சக்கரச் சூட்டில் அந்த மெல்லிய எஃகு சில நொடிகளில் நீலம் பாய்ந்து பதம், அதாவது கடினம், போய்விடுகிறது. நீலம் தெரிந்த இடம் இனிக் கூர் தாங்காது. அந்தப் பகுதி முழுவதையும் தேய்த்து நீக்கினால்தான் கத்தி பிழைக்கும். நல்ல கத்திகள் இப்படிப் பாழாவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. கொடுப்பதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்தெந்தக் கற்களில் தீட்டுவீர்கள்? முதுகு கல்லில் படுமா? முதுகில் ஒரு சுற்று டேப் ஒட்டித் தீட்டுகிறேன் என்றால் பயப்பட வேண்டாம், தேய்மானம் விழாமல் இருக்க அப்படிச் செய்வது உண்டு. சக்கரம் என்ற சொல் வந்தால் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியோடு வரும் தோல்வார் பெரும்பாலும் தோலே அல்ல. சில வாரங்களில் மேல்பூச்சு உரிந்து வரும். பச்சைப் பசை குரோமியம் ஆக்சைடு. அதை இருக்கும் ஒரே தோல் பக்கத்தில் பூசச் சொல்கிறார்கள். பூசினால் வெறும் தோலின் பயன் போய்விடும். கல்லில் வராத கூரைப் பசை தராது. வார் தினமும் சவரத்துக்கு முன் வாயை நேராக்கத்தான்: துணிப் பக்கம் 20 முறை, தோல் பக்கம் 50 முறை, முதுகு முன்னே போக, வாரை விறைப்பாகப் பிடித்து. திரும்பும் இடத்தில் முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். வார் தொய்ந்தால் வாய் உருண்டுவிடும்.

பழைய கத்தி வாங்குபவர்களுக்கும் சிலது. சோலிங்கன் என்பது கத்திகளுக்குப் பேர்போன ஜெர்மன் ஊரின் பெயர். அங்கே 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர். அந்தச் சொல் மட்டும் இருந்து, செய்தவர் பெயரோ முத்திரையோ எங்கும் இல்லையென்றால் ஒதுக்கிவிடுங்கள். கண்ணாடி போலப் பளபளத்து முத்திரை எழுத்துகள் மங்கியிருந்தால், துருவை இயந்திரத்தில் தேய்த்து மறைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டிலும் பதம் போயிருக்கலாம். வாயை ஒட்டித் துருக்குழி இருந்தால் தீட்டத் தீட்டப் பல் பல்லாக உதிரும். கத்தியை விரித்து முதுகில் நகத்தால் சுண்டிப் பாருங்கள், ‘டிங்’ என்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தேடுங்கள். செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் பிடி சிதையத் தொடங்கினால் அதிலிருந்து வரும் ஆவி கத்தியைத் துருப்பிடிக்க வைக்கும். மற்ற பகுதி சுத்தமாக இருந்து, மடக்கினால் பிடிக்குள் போகும் இடத்தில் மட்டும் துரு என்றால் அதுதான் அடையாளம்.

பயிற்சி வகுப்பு என்று காசு வாங்கிக்கொண்டு பிளேடு மாற்றும் கத்தியில் சொல்லித் தருபவர்களும் உண்டு. அது வேறு கருவி. எடை குறைவு, தோலுக்கு இரக்கம் காட்டாது, தீட்டவும் வார் பிடிக்கவும் கற்றுத் தராது. எந்தக் கத்தியானாலும் பலருக்குப் பொதுவாக ஒன்றை வைத்துப் பழகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இரத்தத்தின் வழியே பரவும்.

கத்தி கையில் வந்ததும் முகத்தில் வைக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள். கண்ணாடித் தகட்டில் இரு பக்கமும் படுக்க வைத்துப் படம் எடுங்கள். முதுகின் தடிமனையும் அகலத்தையும் அளந்து அளவுகோலோடு படம் எடுங்கள். வாயை மேல்நோக்கிப் பிடித்து விளக்கடியில் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது, மின்னும் புள்ளி இருந்தால் அங்கே மழுங்கல் அல்லது பல். முன்கை முடியை, தோலைத் தொட்டும் தொடாமலும், அழுத்தாமல் வெட்டிப் பாருங்கள். அடி முதல் நுனி வரை ஒரே மாதிரி வெட்ட வேண்டும். ஒன்றில் தவறினாலும் அன்றைக்கே படங்களோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள். முகத்தில் வைத்த பிறகு அனுப்பினால் ‘பயன்படுத்திய பொருள்’ என்ற பதில்தான் வரும்.

எல்லாம் தேறினால் முதல் நாள் கன்னம் மட்டும். வெந்நீரில் மூன்று நிமிடம் ஊறிய தாடி, ஈரமான நுரை, இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, முதுகு தோலிலிருந்து சுமார் 30 டிகிரி விலகி, முடி வளரும் திசையில், கத்தியின் எடையே போதும் என்ற அளவில். முதல் இரண்டு இழுப்பிலேயே முடியைப் பிடுங்குவது போல இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, மீதியை வழக்கமான ரேசரில் முடித்துக்கொள்ளுங்கள்.