முதல் சட்டவேலிக்கு 7 காலடியா, 8 காலடியா?

ஆண்கள் 110 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் முதல் வேலி தொடக்கக் கோட்டிலிருந்து 13.72 மீற்றரில், உயரம் 1.067 மீற்றர். அதுவரை எத்தனை காலடி வைத்து ஓடுவது என்பதே கேள்வி. முன்பு பெரும்பாலும் 8 காலடிதான். 1993இல் பிரித்தானிய வீரர் கொலின் ஜக்சன் 12.91 செக்கனில் ஓடியதும் அப்படியே. 7க்கு மாறிய அமெரிக்க வீரர் ஏரிஸ் மெரிட் 2012இல் 12.80 செக்கனில் உலக சாதனை படைத்தார்.

அதைப் பார்த்து கொழும்பு சுகததாச அரங்கில் பயிலும் இளையோர் அவசரப்பட வேண்டாம். 7க்கு உந்துவிசை வேண்டும். அது குறைந்தால் தூரத்திலிருந்தே எம்பி, மேலே மிதந்து, வேகம் போய், அடுத்த வேலிவரையான 9.14 மீற்றரை 3 காலடியில் எட்டத் திணறுவீர்கள். 8இல் உயரமானவருக்கு இடம் நெருக்கும், வேலியில் முழங்கால் இடிக்கும்.

7க்கு மாறினால், ஓட்டம் தொடங்கக் கால் ஊன்றும் பிளாக்கில் முன்கால், பின்காலையும் மாற்றவேண்டும். பலர் மறப்பது இதைத்தான். வேலிக்கு 2 மீற்றர் முன் டேப் ஒட்டுங்கள். காலை இழுத்து நீட்டாமல் ஏழாவது காலடி அங்கே விழாவிட்டால் 8தான்.