கிளச் கேபிள் மாற்றக் கொடுத்தால் பழையதைக் கையில் வாங்காமல் வராதீர்கள்

லிந்துலை, தலவாக்கலை, நானுஓயா பக்கமிருந்து கொழும்புப் பக்கம் பேலியகொடைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லொறிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். லொறி வைத்திருக்கிற மாமா, சித்தப்பா, அண்ணன் யாராவது இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். போன மாதம் கினிகத்தேனை இறக்கத்தில் நானும் என் கிளீனர் தம்பியும் உயிரோடு தப்பினோம். தப்பவேண்டிய நிலைமையே வந்திருக்கக் கூடாது.

என்னுடையது ஆறு சில் லொறி, பழையது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய லொறியின் விலையே எங்கேயோ போய்விட்டது. அதனால் இருப்பதைப் பழுது பார்த்துத்தான் ஓட்டுகிறோம். இரண்டு மாதத்துக்கு முன் கிளச் மிதிக்க இறுக்கமாக இருந்தது. நின்ற இடத்தில் முதல் கியர் போட்டால் கரகரவென்று கத்தியது. எங்கள் பக்கத்து டவுனில் பெரிய போர்டு போட்ட ஒரு கராஜில் விட்டேன்.

பார்த்தவர், “கேபிளும் போச்சு, பிளேட்டும் போச்சு அண்ணே. கியர் பொக்ஸை இறக்கணும்” என்றார். கேபிள் என்பது மிதியிலிருந்து கிளச்சை இழுக்கும் கம்பி, பிளேட் என்பது எஞ்சின் சுற்றைக் கியர் பொக்ஸுக்குக் கொடுக்கும் தட்டு. அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். பிளேட் தேய்ந்தால் ஏற்றத்தில் தெரிந்துவிடும். எஞ்சின் சத்தம் ஏறும், லொறி ஏறாது, கருகிய வாடை வரும். என் லொறி நாலரை டன்னோடு கொட்டகலை ஏற்றத்தை வழுக்காமல் ஏறிக்கொண்டிருந்தது. மிதி இறுகுவதும் கியர் கத்துவதும் கேபிளின் குறி. ஆனால் வேலை தெரிந்தவர் சொல்கிறாரே என்று தலையாட்டிவிட்டேன்.

பில் 86,500 ரூபா. கேபிள் 16,500, பிளேட் 48,000, கூலி 22,000. பழைய சாமானைக் கேட்டதற்கு, “இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்” என்றார்கள். லீசிங் கட்ட வைத்திருந்த சல்லியைக் கொடுத்து லொறியை எடுத்து வந்தேன்.

பத்தொன்பதாவது நாள், விடியற்காலை மூன்று மணி. பின்னால் கரட், லீக்ஸ், கோவா. வட்டவளையில் பிடித்த மழை விடவில்லை. கினிகத்தேனை தாண்டி கித்துல்கலைக்கு இறங்கும் வளைவுகளில் மூன்றாம் கியரில், புகைக் குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போட்டு மெதுவாகத்தான் வந்தேன். ஒரு வளைவுக்கு முன்னால் இரண்டாம் கியருக்கு மாற்றலாமென்று கிளச்சை மிதித்தேன். டப் என்று ஒரு சத்தம். மிதி காலோடு தரைக்குப் போய்விட்டது.

அந்த நேரம் கை தானாகவே கியர் கம்பிக்குப் போகும். எனக்கும் போனது. இழுக்கவில்லை. கேபிள் அறுந்தால் கிளச் பிடித்தபடியேதான் இருக்கும். சில்லும் எஞ்சினும் பிரியாது, போட்ட கியர் லொறியைத் தாங்கிக்கொண்டே வரும். பதற்றத்தில் நியூட்ரலுக்கு இழுத்துவிட்டால், கிளச் இல்லாமல் இறக்கத்தில் மறுபடி கியர் விழுவது லேசில்லை. எஞ்சின் பிடியும் எக்ஸோஸ்ட் பிரேக்கும் சேர்ந்து போய்விடும். பிறகு அத்தனை பாரத்துக்கும் கால் பிரேக் மட்டும்தான், அதுவும் சூடேறச் சூடேறப் பிடி விட்டுக்கொண்டே போகும். அந்த ரோட்டின் பள்ளப் பக்கம் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் கியரிலேயே விட்டு, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, ரோடு அகலமான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்தினேன். எஞ்சின் குலுங்கி நின்றது. தம்பி குதித்துப் போய்ச் சில்லுக்குக் கட்டை வைத்தான். அவன் கை நடுங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவன் அம்மா கொழுந்து பறித்து வளர்த்த ஒரே பிள்ளை.

மழை குறைந்ததும் முதல் கியரைப் போட்டு வைத்து, அப்படியே ஸ்டார்ட்டரை அடித்துக் கிளப்பினேன். ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துத்தான் சுற்றியது. பெற்றரி இறங்கிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அப்படியே ஊர்ந்து கித்துல்கலை வந்தோம்.

அங்கே ஒரு வயதான சிங்கள பாஸ், அதாவது மெக்கானிக். கேபினைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தவர் முதலில் கேட்டது கேபிளைப் பற்றியல்ல. “மல்லி (தம்பி), எஞ்சின் எர்த் எங்கே?”

கியர் பொக்ஸின் கூட்டிலிருந்து சசிக்கு, அதாவது லொறியின் அடிச்சட்டத்துக்கு, போகும் பின்னல் எர்த் பட்டி இல்லை. எஞ்சினுக்குப் போன கரண்ட் பெற்றரிக்குத் திரும்பும் வழி அதுதான். கியர் பொக்ஸை இறக்கும்போது கழற்றியவர்கள் திருப்பிப் பூட்டவே இல்லை. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் நூற்றுக்கணக்கான அம்பியர். எர்த் பட்டி இல்லாவிட்டால் அது வேறு வழி தேடும். எஞ்சினையும் கேபினையும் சேர்க்கும் இரும்பு எது? கிளச் கேபிள், அக்ஸலரேட்டர் கேபிள், கியர் கம்பிகள். சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அவை சூடேறும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகிக் கம்பியோடு ஒட்டும், கிரீஸ் காயும், கம்பி உரசி இழை இழையாக அறும். பத்தொன்பது நாளாக என் கேபிளுக்கு இதுதான் நடந்திருக்கிறது.

அதோடு, “புதுக் கேபிள்” என்று கொடுத்ததும் புதிதல்ல. வெளி உறை என்னுடைய பழையதே. மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள், பாஸ் நகத்தால் சுரண்டியதும் காய்ந்த சேறு தெரிந்தது. உள்ளே வேறு கம்பி. நுனியில் அழுத்திப் பிடித்த குமிழ் இருக்கவேண்டிய இடத்தில் பித்தளையை உருக்கி வைத்த ஒரு கட்டி. அந்தச் சூட்டில் அதை ஒட்டிய கம்பி மிருதுவாகிவிடும் என்றார் பாஸ். அறுந்ததும் சரியாக அந்த இடத்தில்தான். இதற்கு 16,500 ரூபா. பிளேட்டையாவது மாற்றினார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த லொறியை வடிவமைத்தவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இத்தனை பாரம் இழுக்கும் வண்டிக்கு ஏன் கேபிள்? கேபிளுக்குப் பதில் ஒயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஒயில் கிளச்சிலும் பழுது வரும். ஆனால் பெரும்பாலும் ஒயில் குறையும், மிதி கொஞ்சங் கொஞ்சமாகத் தாழும், நாலு நாள் முன்பே நமக்குத் தெரியும். கேபிளின் இழைகள் உறைக்குள்ளேயே அறுகின்றன. கடைசி இழை போகும்வரை கண்ணுக்குப் படாது. அந்தக் கேபிளையும் எக்ஸோஸ்ட் குழாயை ஒட்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள். கேபினைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரே இடத்தில் மடங்குகிறது. சமவெளியில் ஒரு நாளில் மிதிக்கும் கிளச்சை நாங்கள் ஹட்டனுக்கும் யட்டியாந்தோட்டைக்கும் நடுவிலேயே மிதித்து முடித்துவிடுவோம். எர்த் பட்டியோ யார் கண்ணுக்கும் படாத மூலையில். இல்லாவிட்டாலும் லொறி ஓடும், லைட் எரியும்.

அவிசாவளையிலிருந்து பஸ்ஸில் புதுக் கேபிளும் எர்த் பட்டியும் வரவழைத்து, பாஸ் பதினொரு மணிக்கு முடித்தார். பட்டியைப் பூட்டியதும் ஸ்டார்ட்டர் ஒரே சுற்றில் பிடித்தது. பேலியகொடைக்குப் போய்ச் சேரும்போது யாவாரம் முடிந்து, கரட் பாதி விலைக்குத்தான் போனது. லீக்ஸை எடுக்கவே ஆளில்லை.

திரும்பி வந்து கராஜில் கேட்டேன். “மலை ரோட்டுல ஓட்டினா கேபிள் அறத்தான் செய்யும் அண்ணே” என்றார். எர்த் பட்டியைப் பற்றிக் கேட்டதும், “அது முதல்லயே இல்ல” என்றார். முதலிலேயே இல்லையென்றால் அதை எனக்குச் சொல்வதும் அவர் வேலைதானே?

உங்கள் லொறியில் கியர் பொக்ஸை இறக்கி ஏற்றியிருந்தால் இன்றைக்கே குனிந்து எர்த் பட்டியைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் இழுத்துச் சுற்றினால், அக்ஸலரேட்டர் இறுகினால், ஸ்டார்ட் அடித்தவுடன் கேபிள் உறை கைக்குச் சூடாக இருந்தால், பெற்றரியைக் குறை சொல்வதற்கு முன் அதைப் பாருங்கள். கேபிள் மாற்றக் கொடுத்தால் வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள். பழையதை வாங்கிக்கொள்ளுங்கள், புதியதன் நுனியைத் தொட்டுப் பாருங்கள். சாமானுக்கும் கூலிக்கும் தனித்தனியாக எழுதிய பில் கேளுங்கள்.

எனக்கு அந்த பில்தான் இப்போது கைகொடுக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் கொடுத்துவிட்டேன். அறுந்த கேபிளை எறியவில்லை, லொறியில்தான் இருக்கிறது. தலவாக்கலை டவுனில் என்னைக் கண்டால் கேளுங்கள், எடுத்துக் காட்டுகிறேன். அந்தப் பித்தளைக் கட்டி எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த தடவை கடையிலேயே உங்களுக்குப் பிடிபடும்.