வாசிக்க 15,000, கேட்க 2,500: கொழும்பில் ஒரு பியானோ மாஸ்டர்கிளாஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாஸ்டர்கிளாஸ் என்றால் ஒரு கலைஞர் சபைக்கு முன்னால் ஒவ்வொருவராக வாசிக்கவைத்துப் படிப்பிப்பது. அடுத்த முறை இது நடந்தால் வாசிக்கிறவராகப் பணம் கட்டாதீர்கள், பார்வையாளர் டிக்கெட் எடுங்கள். நான் இரண்டையும் செய்து பார்த்தவள். சனிக்கிழமை 15,000 ரூபாய் கட்டி 40 நிமிடம் வாசித்தேன், ஞாயிற்றுக்கிழமை 2,500 ரூபாய் கொடுத்து காலை ஒன்பதரையில் இருந்து மாலை ஐந்து மணிவரை பின்வரிசையில் குந்தியிருந்து கேட்டேன். உருப்படியாக எதையாவது கற்றுக்கொண்டேன் என்றால் அது ஞாயிற்றுக்கிழமைதான்.

நடந்த இடம் கொழும்பு 7 இல் ஒரு மண்டபம். ஏற்பாட்டாளர்கள் பெயரை எழுதவில்லை, கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன். படிப்பித்தவர் ஐரோப்பாவில் இருந்து வந்த ஒரு பியானோ கலைஞர், அவரில் எந்தக் குறையும் இல்லை. நான் வெள்ளவத்தையில் இருக்கும் 44 வயது வங்கி உத்தியோகத்தர். கிரேட் 8 பியானோப் பரீட்சை எடுத்ததோடு பியானோவை மூடி, பதினெட்டு வருடம் கழித்து மகளுக்கு வகுப்பு வைத்தபோது திரும்பத் திறந்தவள்.

நான் கொண்டுபோனது ஷோபானின் ஒப்பஸ் 9 இல் இரண்டாவது நொக்டர்ன், இரவின் மனநிலையில் எழுதிய ஒரு பியானோ உருப்படி. ஹோட்டல் லொபிகளில் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். முழுக்க வாசித்து முடித்தேன், மனிதர் நன்றாகத்தான் தலையாட்டினார், அப்புறம் இடது கையை மட்டும் வாசியுங்கள் என்றார். வாசித்தேன். இன்னொரு தடவை என்றார். அடிச்சுரத்தில் கையின் பாரம் முழுக்க இறங்கவேண்டும், பிறகு வரும் இரண்டு கோர்ட்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) விரல் கட்டையை விட்டு எழும்பாமலே மெல்ல வரவேண்டும் என்று இருபது நிமிடம் அதே வேலை. ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் இடது கைக்கே போனது, சரியான கோபம் எனக்கு. ஷோபான் தன் மாணவர்களுக்குச் சொன்னதும் இதுதானாம்: இடது கை வாத்தியக் குழுவை நடத்துகிறவர் மாதிரி, அது தளம்பக்கூடாது, வலது கை அதற்கு மேலே சுதந்திரமாக நடமாடலாம். நான் இத்தனை வருடமும் இரண்டு கையையும் சேர்த்து இழுத்துவிட்டு அதற்கு ருபாட்டோ (வேகத்தை நெகிழ்த்தி வாசிப்பது) என்று பெயர் வைத்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் இதை விளங்கிக்கொள்ள இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் ஒரு கச்சேரிக்குப் போயிருந்தாலே போதும்; பாடகர் சொல்லை எவ்வளவு இழுத்தாலும் தாளம் அவருக்காகக் காத்துக்கொண்டு நிற்காது, அவர்தான் வந்து சேரவேண்டும்.

ஆனால் இது மண்டபத்தில் வைத்து விளங்கவில்லை. முன்வரிசையில் என் மகளுடைய மிஸ், பக்கத்தில் அறுபது பேர், என் கால் பெடலிலேயே நடுங்குகிறது. அவர் சொல்லச் சொல்ல "யெஸ், யெஸ்" என்றதைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அதே விஷயத்தை அடுத்த நாள் இன்னொருவருக்குச் சொன்னபோதுதான் காதில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை முதலில் வந்த பையனுக்கு பதினாறு வயதிருக்கும், பேத்தோவனின் மூன்லைட் (நிலவொளி) சொனாட்டாவின் முதல் பாகம். (அன்றைக்குப் பௌர்ணமிப் போயா தினம் வேறு, அறிவிப்பாளர் அதை விடுவாரா? அந்தப் பெயர் பேத்தோவன் வைத்ததே இல்லை, அவர் 1827 இல் இறந்த பிறகு ஒட்டிக்கொண்டது.) பையன் மெதுவாக, உருகி உருகி, பெடலில் குளிப்பாட்டி வாசித்தான். நின்றதும் ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி: மேலே இத்தாலிய மொழியில் எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம்? 'சென்ஸா சோர்தினோ'. சொஃப்ட் பெடல் (சத்தத்தைக் குறைக்கும் பெடல்) போடக்கூடாது என்றான் பையன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இங்கே அது டாம்பர் இல்லாமல் என்று அர்த்தம், அதாவது கம்பியை அமத்தி ஒலியை நிறுத்தும் கம்பளித் துண்டுகளை எழுப்பியே வைத்திருக்கச் சொல்கிறார் பேத்தோவன், இன்று வலது பெடல் செய்கிற வேலை. இந்த சொனாட்டா 1801 இல் எழுதியது, அந்தக் காலப் பியானோவில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும் என்பதால் சுரங்கள் ஒன்றோடொன்று கரைவது அழகாக இருந்திருக்கும். இன்றைய பெரிய கிராண்டில் அதை அப்படியே செய்தால் நாலு பாரில் (தாளக் கட்டத்தில்) கஞ்சியாகிவிடும். அப்போ என்ன செய்வது? ஆசிரியர் விதி ஒன்றும் தரவில்லை. பெடலை முழுக்க அமத்தாமல் பாதியில் வைத்து, அடிச்சுரம் மாறும் இடத்தில் மட்டும் கொஞ்சம் துடைத்து, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கலங்கல் மிஞ்சுகிறது என்று பையனையே கேட்டுச் சொல்லவைத்தார். ஐந்தாவது தடவையில் பையனின் முகமே மாறிவிட்டது. பிறகு, பாருக்கு இரண்டு துடிப்புத்தான் எழுதியிருக்கிறது, நீ நாலாக எண்ணுகிறாய், அதனால்தான் சவ ஊர்வலமாகிறது என்றார். மண்டபமே சிரித்தது.

அடுத்தது ஒரு இளம் பெண், அதே பேத்தோவனின் பத்தெத்திக் சொனாட்டாவின் நடுப்பாகம். இங்கேதான் எனக்குப் பெரிய வெளிச்சம். பியானோவில் ஒரு சுரத்தை அடித்த கணத்திலேயே அது சாகத் தொடங்கிவிடுகிறது, வயலின்காரர் போல வளர்க்க முடியாது, கமகம் என்ற பேச்சே இல்லை. பிறகு எப்படிப் பாட வைப்பது? நீளமான சுரத்தின் கடைசியில் எவ்வளவு சத்தம் மிஞ்சியிருக்கிறதோ அந்த அளவில் அடுத்த சுரத்தைத் தொடங்கு, அப்போது காது இரண்டையும் ஒரே மூச்சாக எடுத்துக்கொள்ளும் என்றார். அவர் வாசித்துக் காட்டினார், பிறகு வேண்டுமென்றே கெடுத்து வாசித்தார், பிறகு திரும்ப. எனக்கு நாலு ரீச்சர்மார் படிப்பித்திருக்கிறார்கள், ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. "பாடுற மாதிரி வாசி பிள்ளை" என்பார்கள், எப்படி என்று கேட்டால் மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) போடுவார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பாக்கின் முதலாவது இன்வென்ஷன் வாசித்தாள், இரண்டு குரலில் எழுதிய சின்னத் துண்டு. ஆசிரியர் மேல் குரலை அவளிடம் விட்டுக் கீழ்க்குரலைத் தான் வாசித்தார், பிறகு மாற்றிக்கொண்டார்கள், இரண்டு பேர் சண்டை பிடிப்பது மாதிரி ஒரே குதூகலம். சத்தம் கூட, குறைய என்று பாக் ஒன்றுமே எழுதவில்லையே என்று அவள் கேட்டதற்கு, எங்கே மூச்சு விடுவாய் என்று திருப்பிக் கேட்டார்.

இனிக் குறைகள். பியானோ கிராண்ட்தான், ஆனால் நடுவில் ஒரு கட்டை அமத்தினால் எழும்புவதில்லை. கொழும்புக் காற்றின் ஈரத்துக்கு இது புதிதல்ல, என் வீட்டுப் பியானோவுக்குள் நான் ஒரு சின்ன பல்ப் எரியவிட்டு வைத்திருக்கிறேன். ஆனால் இவ்வளவு காசு வாங்குகிறவர்கள் முதல் நாளே டியூனரைக் கூப்பிட்டிருக்க வேண்டாமா? ஏசியைச் சத்தத்துக்காக நிறுத்துவதும் வேர்க்கிறது என்று திரும்பப் போடுவதுமாக இருந்ததில் பின்னேரம் சுருதியும் கொஞ்சம் விலகிவிட்டது. நேரத்தையும் யாரும் பார்க்கவில்லை. கடைசியாக வந்த பிள்ளைக்கு 40 க்குப் பதிலாக 22 நிமிடம், நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தாயின் முகத்தையும். பியானோ மேதை ஃப்ரான்ஸ் லிஸ்ட் ஜெர்மனியின் வைமாரில் இப்படி வகுப்பு வைத்த காலத்தில் காசே வாங்கவில்லை, ஸ்கோர்களை (இசைக்குறிப்புப் புத்தகங்களை) பியானோ மேல் அடுக்கி வைத்தால் தனக்குப் பிடித்ததை எடுப்பாராம், அங்கே நிமிடக் கணக்குக் கேட்க முடியாது. இங்கே ரசீது கையில் இருக்கிறது.

கேள்வி நேரத்தில் ஒரு தகப்பன் எழும்பி, இப்படி வாசித்தால் கிரேட் 8 இல் 130 வருமா என்று கேட்டார். ஆசிரியருக்கு அது என்ன கணக்கு என்று விளங்கவில்லை, 150 க்கு 130 எடுத்தால் டிஸ்டிங்ஷன் என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கினார். எனக்கு அந்தத் தகப்பனைக் குறை சொல்ல மனம் வரவில்லை, நானும் அந்த 130 க்காகத்தான் வளர்ந்தேன்.

பட்டிஸ் நல்லது, பிளேன்ரீ சீனித் தண்ணீர். போகிறவர்கள் ஸ்கோரும் பென்சிலும் கொண்டுபோங்கள், அவர் பார் இலக்கம் சொல்லிச் சொல்லித்தான் பேசுவார், ஸ்கோர் இல்லாதவர்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். வாசித்தவர்களுக்குக் காணொளி இரண்டு கிழமையில் அனுப்புவதாகச் சொன்னார்கள், இன்றைக்கு ஏழாவது கிழமை. அதுவரை நான் இடது கையை மட்டும் வாசித்துக்கொண்டிருக்கிறேன், பாட்டு எப்போது தொடங்கும் என்று குசினியில் இருந்து இவர் கேட்கிறார்.